கண்மாய்ப் பள்ளத்தில் மனை போடுகிறீர்களா? வரைபடத்துக்கு முன் செய்ய வேண்டியவை

மனைப் பிரிவுக்கு வரைபடம் தயாரிப்பது என் தொழில். நிலத்தை அளந்து, சாலை, பூங்கா, மனை என்று பிரித்து, ஒப்புதலுக்குக் கொடுக்கும் வரை என் வேலை. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆன பிறகு, சுற்றியுள்ள ஊர்களில் புஞ்சையைப் பிரித்துப் போட வேண்டும் என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மனை விழும்?" நான் திருப்பிக் கேட்பது, "மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது?" இதற்குப் பதில் தெரியாமல் ஒரு கோடும் போடக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது.

தண்ணீர் பள்ளத்தாக்கில்தானே ஓடும், நமக்கு ஏது பள்ளத்தாக்கு என்று தோன்றலாம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடிக் குன்றுகளை விட்டால் செட்டிநாடு தட்டைத் தரைதான். ஆனால் இங்கே ஒவ்வொரு கண்மாயும் ஒரு ஆழமில்லாத பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. மேட்டுச் செம்மண்ணில் விழுந்த மழை, வரத்துக்கால் வழியாக இறங்கிக் கண்மாயில் சேர்கிறது. நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மலைப் பள்ளத்தாக்கில் சரிவு கண்ணுக்குத் தெரியும், ஆள் ஒதுங்கிக் கட்டுவான். இங்கே சரிவு தெரியாது. மாசி, பங்குனியில் வந்து பார்த்தால் கிரிக்கெட் மைதானம் போல இருக்கும் இடம், ஐப்பசியில் ஓடையாக இருக்கும். நிலம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் வருகிறார்கள்.

காகிதத்தில் தேட வேண்டியது

பட்டா, சிட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள். கிராம வரைபடம், புலப்பட நகல் (ஒரு புல எண்ணின் அளவுப் படம்), 'அ' பதிவேடு (ஊரின் எல்லாப் புல எண்களின் வகையும் எழுதிய ஏடு) மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். உங்கள் புல எண்ணை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. சுற்றியுள்ள எல்லாப் புல எண்களும் 'அ' பதிவேட்டில் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். மேற்கே ஒரு ஓடைப் புறம்போக்கு உங்கள் எல்லை வரை வந்து நிற்கிறது, கிழக்கே கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி ஒரு வாய்க்கால் புறம்போக்கு தொடங்குகிறது என்றால், நடுவில் தண்ணீர் உங்கள் பட்டா நிலத்தில்தான் ஓடுகிறது. பதிவேட்டில் அது இல்லாமல் இருக்கலாம். 'பட்டா இடம், யாரும் கேட்க முடியாது' என்று அந்த இடத்தில் மனை வரைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்க மாட்டார்கள்தான், முதல் புயல் மழை வரும் வரை.

கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீரில் பாயும் வயல், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். கண்மாய் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்ட பிறகு, குறுக்கு வழியில் மனை விற்பது குறைந்தது. அது நல்லதுதான்.

சுற்றுச்சூழல் அனுமதியைப் பற்றி ஒன்று. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், அல்லது நகரியத் திட்டமாக 50 ஹெக்டேர், அதாவது சுமார் 123 ஏக்கர் வந்தால்தான் முன் அனுமதி வேண்டும். நம் பக்கத்து மனைப் பிரிவுகள் 5 ஏக்கர், 10 ஏக்கர், மிஞ்சினால் 20 ஏக்கர். அநேகமாக எதுவும் அந்த வரம்புக்குள் வராது. வராததால் பாதிப்பு இல்லை என்று ஆகிவிடாது. ஒரே கண்மாயின் நீர்ப்பிடிப்பில், அதாவது அதற்குத் தண்ணீர் தரும் மேட்டு நிலத்தில், ஆறு பேர் ஆளுக்கு 10 ஏக்கர் பிரித்தால் மொத்தம் 60 ஏக்கர் போயிற்று. ஒருவருக்கும் மதிப்பீடு கிடையாது, கண்மாய்க்கு மட்டும் வரத்து கிடையாது. ஆகையால் அந்த மதிப்பீட்டை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். உங்களுக்கு முன்னால் அதே நீர்ப்பிடிப்பில் யார் யார் பிரித்திருக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

நிலத்தில் நடந்து பார்ப்பது

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். உங்கள் நிலத்துக்குள் மட்டும் நடக்காதீர்கள். மேலே மேட்டின் உச்சி வரைக்கும், கீழே கண்மாய்க் கலுங்கு வரைக்கும் போய் வாருங்கள்.

முதலில் பக்கத்துச் சாலையைப் பாருங்கள். சாலைக்கு அடியில் எங்கெல்லாம் சிறு பாலமோ குழாய்ப் பாலமோ இருக்கிறது என்று குறியுங்கள். காரணம் இல்லாமல் யாரும் பணம் போட்டுப் பாலம் கட்டியிருக்க மாட்டார்கள். பாலத்தின் வாய் உங்கள் நிலத்தைப் பார்த்திருந்தால், அந்தத் தண்ணீர் உங்களிடம்தான் வரும். பாலம் இப்போது மண் மூடிக் கிடந்தாலும் சரி.

அப்புறம் தரையைப் பாருங்கள். சுற்றிலும் சிவப்பு மண்ணும் சரளையும் கிடக்கும்போது ஒரு கீற்று மட்டும் வெளிர் சாம்பல் நிறத்தில், மாவு போன்ற வண்டலாக இருந்தால், அது தண்ணீர் நின்று வடிந்த பாதை. அந்தக் கீற்றில் கோரை முளைத்திருக்கும். சீமைக்கருவேல மரங்களின் அடியில் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் காய்ந்த வைக்கோலும் சருகும் பிளாஸ்டிக் பையும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு தொங்கும். எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறதோ அது தண்ணீர் வந்த திசை. எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கிறதோ அதுதான் போன மழையில் தண்ணீர் ஓடிய உயரம். டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

மூன்றாவது, ஆட்களிடம் கேட்பது. ஊரில் ஆடு மேய்க்கிறவர்களுக்கு இந்தத் தகவல் நிலத்துக்காரரைவிட நன்றாகத் தெரியும். ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: "தம்பி, நீங்க ஜீப்ப நிறுத்தியிருக்கீகளே, அதுதான் கால். கார்த்திகையில ஆட்டைக் கூட இந்தப் பக்கம் விட மாட்டேன்." அவர் சொன்ன கால், அதாவது தண்ணீர் ஓடும் வழி, எந்த வரைபடத்திலும் கிடையாது. அதே ஊரில் ஊரணிக்கு எதிர் வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். "மேக்கே இருந்துதான் தண்ணி வரும்ப்பா. ரோட்டை ஒசத்துன பெறகு வர்றதில்ல" என்றார்கள். இரண்டையும் சேர்த்தால் முழுக் கதையும் வந்துவிட்டது. சாலையை உயர்த்தியதால் ஊரணிக்குப் போக வேண்டிய தண்ணீர் திரும்பி அந்தப் புஞ்சைக்குள் பாய்கிறது.

கடைசியாக மட்டம். சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டில் (நில உயரம் காட்டும் வரைபடத்தில்) சம உயரக் கோடுகள் 10 மீட்டர், 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். நம் தரைக்கு அது போதாது. முழு நீர்ப்பிடிப்பும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் அடங்கிவிடும். ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியை வைத்து 15 அல்லது 20 மீட்டருக்கு ஒரு புள்ளி என மட்டம் எடுத்து, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு போடுங்கள். சின்ன நிலம் என்றால் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். குழாயில் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. கோடு போட்டு முடித்ததும், ஆடு மேய்க்கும் பெரியவர் சொன்ன கால் அந்தப் படத்தில் தானாகத் தெரியும்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள்

வாயால் 'நிறைய', 'கொஞ்சம்' என்று சொல்வதால் பயன் இல்லை. நம் சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டர் அளவில் மழை. அதில் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 ஏக்கர் என்பது 40,470 சதுர மீட்டர். அதில் விழும் தண்ணீர் 40 லட்சம் லிட்டருக்கு மேல். திறந்த புஞ்சையாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடும், மீதி மண்ணில் இறங்கும் என்று கொண்டால் ஓட்டம் 13.5 லட்சம் லிட்டர். தார்ச்சாலை, மாடி, சிமெண்டு முற்றம் எல்லாம் வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு ஓடும். அது 27 லட்சம். கூடுதலாக வரும் 13.5 லட்சம் லிட்டர் நீங்கள் உண்டாக்கியது. அதைக் கீழே இருப்பவர் தலையில் தள்ளிவிடக் கூடாது.

அதைப் பிடித்து வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். செங்குத்தாக வெட்டினால் சுமார் 22 சென்ட். கரையைச் சரிவாக விட்டு, சுற்றி நடைபாதை விட்டால் 30 சென்ட் ஆகும். ஆயிரம் சென்டில் முப்பது. இவ்வளவுதான் கேட்கிறது தண்ணீர். இதைக் கொடுக்க மனமில்லாமல்தான் ஊரே முழங்கால் தண்ணீரில் நிற்கிறது.

இது புதிய யோசனையே இல்லை. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் எங்கே வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஓட்டுக் கூரையிலிருந்து வளவுக்குள் (வீட்டு உள்முற்றத்துக்குள்) விழும் மழை, வீட்டுக்கு அண்டாவில் பிடித்தது போக, முற்றத்துத் தூம்பு வழியாகத் தெரு வாய்க்காலுக்கு வந்து, அங்கிருந்து ஊரணிக்குப் போகும். ஊரணி நிறைந்தால் கண்மாய்க்கு. செம்புராங்கல் கட்டிய அந்த ஊரணிகளில் குடிதண்ணீருக்கு ஒன்று, புழக்கத்துக்கு ஒன்று என்று பிரித்தே வைத்தார்கள். வீட்டை உயரமான கல் மேடையில் கட்டியதும், நேர்நேராகத் தெரு போட்டதும் இந்த ஏற்பாட்டோடு ஒட்டியதுதான். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது எல்லோரும் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பேசினார்கள். நான் அந்தத் தெரு வாய்க்காலைத்தான் முதலில் காட்டுவேன்.

வரையும் வரிசை

முதலில் தண்ணீர் போகும் பாதை. அதன் இரு பக்கமும் இயந்திரம் இறங்கித் தூர் வாரும் அளவுக்கு இடம் விடுங்கள். இரண்டாவது, மிகத் தாழ்ந்த மூலையில் ஊரணி. மூன்றாவது, சாலைகள். நான்காவது, பூங்கா. மனை கடைசி. பூங்காவை ஊரணியை ஒட்டி வைத்தால் அதிக மழையில் தண்ணீர் பரவ இடம் கிடைக்கும், மற்ற நாளில் பிள்ளைகள் விளையாடலாம். ஒப்புதல் தரும் அலுவலகத்தில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சாலையை ஓட்டத்துக்குக் குறுக்கே உயர்த்தினால் அது அணைதான். குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் பாலத்தின் அளவைக் கணக்குப் போட்டு வையுங்கள். மேலே இருக்கும் நீர்ப்பிடிப்பு 50 ஏக்கர், மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை, அதில் 40 சதவீதம் ஓடுகிறது என்று கொண்டால், விநாடிக்கு 1.1 கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். வழக்கமாகப் போடும் 600 மில்லிமீட்டர் குழாய் ஒன்று, தண்ணீர் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் போனாலும் 0.4 கன மீட்டர்தான் தள்ளும். ஆக மூன்று குழாய் வேண்டும், அதிலும் ஒன்று முள் அடைத்துக்கொண்டால் தீர்ந்தது. 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டிப் பாலம் கட்டுவது மேல். ஒரு மனைப் பிரிவில் ஒற்றைக் குழாயோடு முடித்திருந்தார்கள். மழையில் சாலைக்கு மேல் தண்ணீர் போய், கீழே இருந்த நான்கு வீட்டுச் சுற்றுச்சுவர் சாய்ந்தது. மிச்சம் பிடித்த பணம் அதில் ஒரு சுவருக்குக் கூடக் காணாது.

தாழ்ந்த இடத்தை மண் அடித்து மேடாக்கிவிடலாம் என்பார்கள். வேண்டாம். நீங்கள் மூன்று அடி உயர்த்தினால் பக்கத்துக்காரர் மூன்று அடி பள்ளத்தில் இருக்கிறார் என்று பொருள். அந்த கிராவலும் இன்னொரு ஊரின் மேட்டைச் சுரண்டித்தான் வருகிறது. தாழ்ந்த இடத்தை ஊரணிக்கும் பூங்காவுக்கும் விட்டுவிட்டால் மண் அடிக்கும் செலவே பாதிக்குக் குறைந்துவிடும். வீடு கட்டுகிறவர்கள் மட்டும் தங்கள் அடித்தளத்தை உயர்த்திக்கொள்ளட்டும்.

கழிவுநீர்

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவில் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி இருக்க வேண்டும். நாம் போடுவது 30-க்கு 40 அடி மனை. ஒவ்வொரு மனையிலும் ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரு செப்டிக் டேங்க். எந்த மூலையில் வைத்தாலும் 60 அடி வராது. உங்கள் டேங்கிலிருந்து தப்பித்தாலும் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போருக்குப் பக்கத்தில் இருக்கும். காரைக்குடிக்குச் சம்பை ஊற்று எவ்வளவு காலமாகக் குடிதண்ணீர் தருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நிலத்தடித் தண்ணீரை நம்பி வாழும் ஊர் இது.

வழி என்ன என்றால், போரை மனைதோறும் போடாமல் மேட்டுப் பக்கத்தில் பொதுவாக ஒன்றிரண்டு போட்டு, தொட்டி கட்டிக் குழாயில் கொடுங்கள். கழிவுநீரைக் குழாயில் சேர்த்துத் தாழ்ந்த பக்கத்தில் பொதுவான சுத்திகரிப்பு வையுங்கள். ஆனால் ஊரணிக்குப் போகும் மழைநீர்க் காலோடு அதைக் கலக்கவே கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. செலவு கூடத்தான் செய்யும், மனை விலையில் வைத்து வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நல்ல தண்ணீருக்கு மக்கள் கொடுப்பார்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். ஆனால் குழி எங்கும் ஒரே மாதிரி உறிஞ்சாது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டி, தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் பாருங்கள். செம்புராங்கல் பாறை தட்டினாலோ கண்மாய்ப் பக்கத்துக் களிமண்ணாக இருந்தாலோ தண்ணீர் அப்படியே நிற்கும். அங்கே குழியை நம்பாமல் தொட்டியில் சேருங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழைக்கே 900 லிட்டர் வரும்.

மரமும் பறவையும்

எல்லையில் நிற்கும் பனையை வெட்டாதீர்கள். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-லேயே அறிவித்துவிட்டது. அனுமதி கிடைத்தாலும் வெட்டாதீர்கள், வரப்பையும் கரையையும் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான். அய்யனார் கோயில் காடு பக்கத்தில் இருந்தால் அதை ஒட்டி மனை வேண்டாம், பூங்காவை அந்தப் பக்கம் வையுங்கள்.

நம் மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு கண்மாய் எதையெல்லாம் தாங்கும் என்று தெரியும். நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும் வந்து கூடு கட்டும் இடம். 1977-ல் சரணாலயமானது. பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நம் கண்மாய்க்குச் சரணாலயப் பலகை இல்லாமல் இருக்கலாம், ஆனால் கார்த்திகையில் அங்கேயும் நாரை இறங்கும். கண்மாயைப் பார்த்த பக்கம் உயர்கோபுர விளக்கு வைக்காதீர்கள். சாலை விளக்கைத் தரையைப் பார்க்கும்படி மாட்டுங்கள்.

வேலை நடக்கும்போதும் பிறகும்

மண் வேலையை ஆடிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் வெட்டிப் போட்ட மண் அப்படியே கண்மாயில் தண்ணீர் நிற்கும் உள்வாயில் போய்ச் சேரும். மேல் மண்ணை அரை அடி தனியாக வழித்துக் குவித்து வைத்தால் பூங்காவுக்கு ஆகும். கான்கிரீட் கலவை இயந்திரம் கழுவும் தண்ணீரும் உடைந்த செங்கலும் ஓடைக்குப் போகாமல் ஒரு குழி வெட்டி வையுங்கள்.

சுற்றி இருப்பவர்களிடம் சொல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் படத்தை விரித்துக் காட்டலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்ட ஊர் என்றால் வார்டு உறுப்பினரையும் கீழே பாசனம் செய்கிறவர்களையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தத்தில் பாதி நியாயமாக இருக்கும்.

சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது, வாய்க்கால் பாதையையும் ஊரணியையும் அதிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்ட வாய்க்கால், நாலைந்து வருடத்தில் யாரோ ஒருவரின் கார் நிறுத்தும் இடமாகிவிடும். எல்லையில் கல் நட்டு 'நீர்வழி' என்று வெட்டி வையுங்கள். மனை வாங்குகிறவர் கிரயப் பத்திரத்தில் வாய்க்காலை அடைக்க மாட்டேன், சுற்றுச்சுவரில் தண்ணீர் போக வழி விடுவேன் என்று ஒரு வரி இருக்கட்டும். மட்டப் படத்தில் ஒரு நகலை ஊராட்சியிலும், ஒரு நகலைக் குடியிருப்போர் சங்கத்திலும், ஒன்றைக் கீழ்க் கண்மாய் ஆயக்கட்டுதாரர்களிடமும் கொடுங்கள். புரட்டாசியில், மழை தொடங்கும் முன்பு, மூன்று தரப்பும் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து கலுங்கு வரை ஒருமுறை நடந்து, பாலத்து அடைப்பையும் ஊரணிப் படிவையும் எடுக்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும்.